பழைய வெடிமருந்து இன்னும் உதவுமா: அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

பாகப்பிரிவினைக்காகவோ வீட்டை இடித்துக் கட்டுவதற்காகவோ பரணை ஒழிக்கும்போது, வெண்கல அண்டாக்களுக்கும் ஊஞ்சல் சங்கிலிக்கும் நடுவில் வெடிமருந்து உள்ள ஒரு தகர டப்பாவும் ஒரு பெட்டித் தோட்டாவும் அகப்படுவது காவிரிப் படுகையின் பழைய வீடுகளில் நடக்கக்கூடியதுதான். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு முன்பு, அறுவடை முடிந்து நீர் தேங்கிய வயல்களில் உள்ளானும் தாராவும் சுட்ட மிராசு குடும்பங்களில் 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கி இருந்தது. சுட்டுத் தீர்ந்த காலித் தோட்டாவில் புதிய கேப்பு (அடிபட்டதும் மருந்துக்குத் தீ கொடுக்கும் சிறு மூடி) பொருத்தி, மருந்தும் தக்கையும் ரவை என்னும் சிறு ஈயக் குண்டுகளும் மறுபடி அடைத்துக்கொள்ளும் பழக்கமும் சில வீடுகளில் இருந்தது. இன்று உரிமத்துடன் சுடுகிற பேரன் அந்த டப்பாவைக் கையில் எடுத்ததும் கேட்கும் முதல் கேள்வி, அது இன்னும் உதவுமா என்பதே.

உறவினர் வீடுகளிலும் நண்பர் வீடுகளிலும் இத்தகைய டப்பாக்கள் பலவற்றைப் பார்த்தவன் என்ற முறையில், எல்லாவற்றுக்கும் முன்பாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அறிகுறிகள் மருந்தைக் கழித்துக்கட்ட உதவுமே தவிர, ஏற்றுக்கொள்ள உதவமாட்டா. கெட்ட நெடி அடித்தால் மருந்து கெட்டுவிட்டது என்று அடித்துச் சொல்லலாம். நெடி அடிக்கவில்லை என்பதற்காக அது நல்ல மருந்து என்று சொல்லிவிட முடியாது. ஏற்பதற்கு வேண்டியது அதன் வரலாறு: அது என்ன மருந்து, எப்போது வாங்கியது, எந்த அறையில் எத்தனை கோடையைக் கடந்தது என்பவை. கீழே வரும் ஒவ்வோர் அறிகுறியையும் இந்த நிபந்தனையோடு சேர்த்துப் படிக்க வேண்டுகிறேன்.

உரிமம் இல்லாதவருக்கு இந்த ஆராய்ச்சியே வேண்டியதில்லை. உரிமம் வைத்திருந்தவர் காலமான பிறகு வீட்டில் எஞ்சியிருக்கும் துப்பாக்கியையும் தோட்டாவையும் காலதாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்று 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 21ஆம் பிரிவில் கூறுகிறது. உரிமம் உள்ளவர்களும், தோட்டா மறுநிரப்புவதற்குத் தங்கள் உரிமம் இடம் தருகிறதா என்பதை எழுத்தில் உறுதி செய்துகொண்ட பிறகே அடுத்த அடி வைக்க வேண்டும்.

டப்பாவைத் தொடும்போதே சூடாக இருக்கிறது, அல்லது மூடி உப்பியிருக்கிறது

இந்த ஓர் அறிகுறிக்கு ஆராய்ச்சி கிடையாது என்பதால் இதை முதலில் வைக்கிறேன். பக்கத்தில் இருக்கும் பித்தளைச் செம்பு குளிர்ந்திருக்க, டப்பா மட்டும் கைக்குச் சூடாகத் தெரிந்தால், அல்லது மூடி விளிம்பிலிருந்து பழுப்பு நிறப் புகை கசிந்தால், திறக்காதீர்கள், நகர்த்தாதீர்கள், தண்ணீர் ஊற்றலாமா என்று நின்று யோசிக்கவும் வேண்டாம். வீட்டில் இருப்பவர்களை வெளியேற்றிவிட்டுத் தீயணைப்புத் துறையை 101 என்ற எண்ணிலோ அவசர உதவியை 112 என்ற எண்ணிலோ அழையுங்கள். மருந்து தன் சூட்டிலேயே தீப்பிடிக்கும் கட்டத்தை நெருங்கிவிட்டது என்பதற்கான அடையாளம் அது.

டப்பாவில் பெயர் இல்லை, அல்லது பெயர் அழிந்துவிட்டது

நடைமுறையில் மிக அதிகமாக எதிர்ப்படும் சிக்கல் இதுதான். இதற்கான தீர்ப்பும் மிகச் சுருக்கமானது: பெயர் தெரியாத மருந்தைத் தோட்டாவில் அடைக்கக் கூடாது. பார்வையை வைத்து அடையாளம் கண்டுவிடலாம் என்று நம்புகிறவர்கள் இருப்பதால் காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

துப்பாக்கி மருந்தில் இரண்டு குடும்பங்கள் உண்டு. ஒன்று கரிமருந்து, எடையில் ஏறத்தாழ 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம் சேர்ந்த பழங்காலக் கலவை. வாய்வழி மருந்து இடிக்கும் நாட்டுத் துப்பாக்கிக்கு உரியது அதுதான். மற்றொன்று 1884இல் பிரான்சில் பால் வியேல் உருவாக்கிய வகையிலிருந்து கிளைத்த புகையில்லா மருந்து; பருத்தி போன்ற நாரை நைட்ரிக் திராவகத்தில் ஊறவைத்துப் பெறும் நைட்ரோசெல்லுலோஸ் இதன் அடிப்படை; சிலவற்றில் நைட்ரோகிளிசரினும் கலந்திருக்கும். கரிமருந்து கறுப்பு நிறத்தில் ஒழுங்கற்ற சிறு கற்களைப் போல இருக்கும். புகையில்லா மருந்து தகடாகவோ, வட்டச் சில்லாகவோ, நறுக்கிய குழாயாகவோ, கடுகு போன்ற உருண்டையாகவோ இருக்கும்; மேலே கிராஃபைட் பூசியிருப்பதால் சாம்பல் கலந்த மினுமினுப்பு தெரியும். இந்த அளவுக்குக் கண் உதவும். ஆனால் ஒரே மாதிரியான இரண்டு வட்டச் சில்லு மருந்துகளில் ஒன்று மற்றதைவிட வேகமாக எரியும் என்பதைக் கண் காட்டாது.

மிராசு வீட்டு டப்பாக்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. தொடக்ககால ஆங்கிலேயப் புகையில்லா மருந்துகள் சில, கரிமருந்து அளக்கும் அதே குப்பியால் அதே அளவு அளந்து போடும்படி பருத்து இலேசாகச் செய்யப்பட்டவை. பின்னர் வந்தவை செறிவானவை. அவற்றை அதே குப்பியால் அளந்து போட்டால் பல மடங்கு மருந்து விழுந்துவிடும். தாத்தா விட்டுச்சென்ற அளவுக் குப்பியும் பெயரழிந்த டப்பாவும் ஒரே பெட்டியில் இருப்பதால் அவை ஒன்றுக்கொன்று பொருத்தமானவை என்று எண்ணிவிடக் கூடாது. நாட்டுத் துப்பாக்கியில் புகையில்லா மருந்தைப் போட்டால் குழல் பிளந்து, பிடித்திருக்கும் இடக்கையும் முகமும் சிதையும் என்பதையும் இதோடு சேர்த்து நினைவில் கொள்ளுங்கள்.

மூடி திறந்திருந்த டப்பா, இரண்டு டப்பாக்களின் மிச்சத்தைக் கொட்டி ஒன்றாக்கிய டப்பா, திருவிழா வாணத்துக்கு வாங்கிய மருந்து கலந்திருக்கக்கூடிய டப்பா ஆகிய அனைத்தும் பெயரில்லாத டப்பாவுக்குச் சமம். வாண மருந்தைப் பற்றித் தனியாகவே எச்சரிக்க வேண்டும்: பழைய கலவைகளில் குளோரேட் உப்பும் கந்தகமும் சேர்ந்திருக்கலாம், சிறு உராய்வுக்கே தீப்பிடிக்கும் அந்தக் கூட்டை 1992ஆம் ஆண்டிலேயே இந்திய அரசு தடை செய்துவிட்டது.

திறந்ததும் நெடி மூக்கைக் குத்துகிறது

நல்ல புகையில்லா மருந்துக்கும் ஒரு வாசனை உண்டு. தயாரிப்பில் பயன்பட்ட ஈதரும் ஆல்கஹாலும் மிச்சமிருப்பதால், ஊசி போடுமுன் பஞ்சில் தொட்டுத் தேய்க்கும் ஸ்பிரிட்டைப் போல மெலிதாக வீசும். பல ஆண்டு மூடிக்கிடந்த டப்பாவைத் திறக்கும்போது அந்த வாசனை சற்றுத் தூக்கலாகவே வரும். அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை.

கெட்ட மருந்தின் நெடி வேறு. கும்பகோணத்து நகைப் பட்டறையில் சிறுவயதில் நின்றிருந்தபோது, வெடியுப்புத் திராவகத்தில் (நைட்ரிக் திராவகம்தான்) செம்பு கலந்த துண்டைப் போட்ட ஆசாரி என்னைப் பார்த்து, "அந்தப் பக்கம் நிக்காதீங்க தம்பி, பொகை நெஞ்சைப் புடிச்சிடும்" என்றார். கிண்ணத்தின் மேல் எழுந்த செம்பழுப்புப் புகையும் தொண்டையைச் சுரண்டிய அந்தப் புளித்த காரமும் இன்றும் எனக்கு நினைவிருக்கின்றன. கெட்டுக்கொண்டிருக்கும் புகையில்லா மருந்திலிருந்து வெளிவருவதும் அதே நைட்ரஜன் டையாக்சைடு வாயுதான். அந்த நெடியை ஒருமுறை அறிந்தவர் மறுமுறை ஏமாற மாட்டார்.

இதன் காரணம் மருந்தின் இயல்பிலேயே இருக்கிறது. நைட்ரோசெல்லுலோஸ் செய்து முடித்த நாளிலிருந்தே மெல்ல மெல்லச் சிதைகிறது. சிதையும்போது வரும் வாயு ஈரத்தோடு சேர்ந்து திராவகமாகிறது. அந்தத் திராவகம் சிதைவை மேலும் விரைவாக்குகிறது. இந்தச் சுழலை அறுப்பதற்காகவே டைஃபினைலமின் போன்ற நிலைப்படுத்திப் பொருளை மருந்தில் சிறிதளவு சேர்க்கிறார்கள். வெளிவரும் வாயுவை அது பிடித்து வைத்துக்கொள்ளும். நிலைப்படுத்தி தீர்ந்துபோன நாளிலிருந்து மருந்துக்குக் காவல் கிடையாது. பிரான்சின் தூலோன் துறைமுகத்தில் 1907 மார்ச் 12இல் இயேனா என்ற போர்க்கப்பலும், 1911 செப்டம்பர் 25இல் லிபர்த்தே என்ற போர்க்கப்பலும் தம் கிடங்கிலிருந்த மருந்தாலேயே வெடித்து நூற்றுக்கணக்கானோர் மாண்டதற்கு, சிதைந்துபோன புகையில்லா மருந்தே காரணமாகக் கருதப்பட்டது. கப்பற்படைக் கிடங்கில் நடந்தது பரணில் நடக்காது என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அளவு மட்டுமே குறைவு.

சோதிக்கும் முறையைச் சொல்கிறேன். டப்பாவை நிழலான திறந்த வெளிக்குக் கொண்டுபோய், பீடியோ விளக்கோ அருகில் இல்லாமல், முகத்தை விலக்கி வைத்துத் திறக்க வேண்டும். டப்பாவுக்குள் மூக்கை நுழைத்து முகரக் கூடாது. கையால் காற்றை மெதுவாக நம் பக்கம் வீசிக்கொண்டால் போதும். ஐயம் இருந்தால், பள்ளி ஆய்வகத்தில் பயன்படும் நீல லிட்மஸ் தாளை ஒரு சொட்டு நீரில் நனைத்து, மருந்தில் படாமல் டப்பாவின் வாயருகே சிறிது நேரம் பிடித்துப் பாருங்கள். தாள் சிவந்தால் மருந்தைக் கழித்துவிட வேண்டும். சிவக்கவில்லை என்றால் இந்தச் சோதனை எதையும் சொல்லவில்லை என்றே பொருள்.

மருந்தின் மேல் செம்பழுப்புத் தூள், மூடியின் உட்புறம் அரிப்பு

கடந்த மாசியில் மன்னார்குடிப் பக்கத்தில் ஒரு வீட்டில் பார்த்த டப்பாவை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். வெளியில் தகரம் நன்றாகவே இருந்தது. வெள்ளைத் தாளின் மேல் கால் கரண்டி மருந்தை மரக்கரண்டியால் எடுத்துப் பரப்பியபோது, சாம்பல் நிறச் சில்லுகளுக்கு இடையே மிளகாய்த்தூளில் மஞ்சள் கலந்ததுபோல மிக நுண்ணிய தூள் படிந்தது. தாளைச் சாய்த்தவுடன் சில்லுகள் உருண்டு ஓடின; தூள் மட்டும் தாளிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. மூடியின் உட்புறத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், விளிம்பைச் சுற்றி மட்டும் தகரம் சொறி பிடித்ததுபோல அரித்திருந்தது. வீட்டுக்காரர் அதைத் தகரத்தின் துரு என்றார்.

துருவா மருந்தின் சிதைவா என்று பிரித்தறிய, அரிப்பு எங்கே தொடங்கியிருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். வேதாரண்யத்து உப்பளக் காற்று தகரத்தை வெளியிலிருந்து தின்னும். சிதையும் மருந்தின் திராவகம் உள்ளிருந்து தின்னும். வெளிப்பக்கம் சுத்தமாக இருந்து உட்பக்கம் அரித்திருந்தால் குற்றவாளி மருந்துதான். பிளாஸ்டிக் டப்பாவாக இருந்தால் சுவர் மஞ்சளித்து நொறுங்கும். உள்ளே ஒட்டிய காகிதம் கருகியதுபோல் பழுப்பேறி, தொட்டால் உதிரும். இவற்றில் எது தென்பட்டாலும் முடிவு ஒன்றே. சலித்துத் தூளை நீக்கிவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்தலாம் என்ற யோசனை தவறு. தூள் சிதைவின் விளைவு மட்டுமே. சிதைவு ஒவ்வொரு சில்லுக்குள்ளும் நடந்துகொண்டிருக்கிறது.

சில்லுகள் எண்ணெய் தடவியதுபோல் ஒன்றோடொன்று ஒட்டினாலோ, தாளில் பிசுக்கு வட்டம் விழுந்தாலோ, உடனே கையை எடுத்துவிடுங்கள். நைட்ரோகிளிசரின் கசிந்து வெளியே வந்திருக்கலாம். அது அதிர்ச்சிக்கு வெடிக்கும், தோலில் பட்டாலே கடுமையான தலைவலி தரும். அத்தகைய டப்பாவை வீட்டார் கையாளக் கூடாது. காவல்துறையின் வெடிகுண்டு கண்டறிந்து செயலிழக்கச் செய்யும் பிரிவுக்கு உள்ளூர்க் காவல் நிலையம் வழியாகத் தகவல் தர வேண்டும்.

கரிமருந்து கட்டி கட்டியாக இருக்கிறது, மேலே வெள்ளை பூத்திருக்கிறது

கரிமருந்தின் நோய் முற்றிலும் வேறு. அது தானாகச் சிதைவதில்லை. உலர்ந்த இடத்தில் இறுக மூடி வைத்த கரிமருந்து நூறாண்டு கழித்தும் வெடிக்கும். ஆகவே பழையது என்பதாலேயே அதன் வலு போய்விட்டது என்று எண்ணி அலட்சியமாகக் கையாள்வதுதான் அதில் உள்ள முதல் ஆபத்து. அதன் பகை ஈரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவரே வியர்க்கும் நம் பகுதியில், அந்தப் பகை ஆண்டுக்கு மூன்று மாதம் வீட்டுக்குள்ளேயே குடியிருக்கிறது. தூய வெடியுப்பு ஈரத்தை அவ்வளவாக இழுக்காது. ஆனால் கலவையில் சேர்ந்த வெடியுப்பு சரியாகச் சுத்தம் செய்யப்படாமல் சாதாரண உப்புகள் கலந்திருந்தால், அவை காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கட்டி தட்ட வைக்கும்.

மேலே பூக்கும் வெள்ளை, பூஞ்சணம் என்று பலர் எண்ணுவது, உண்மையில் வெடியுப்பேதான். ஈரத்தில் கரைந்த உப்பு மருந்து மணிக்குள்ளிருந்து வெளியே வந்து, ஈரம் காயும்போது மேற்பரப்பில் படிகமாக நிற்கிறது. கரியோடும் கந்தகத்தோடும் நுணுக்கமாகப் பிணைந்திருக்க வேண்டிய உப்பு தன் இடத்தை விட்டுப் பெயர்ந்துவிட்டது என்பதே அந்த வெண்மையின் பொருள். நெல்லை வெயிலில் காயவைத்து ஈரப்பதத்தைக் கொள்முதல் நிலையம் கேட்கும் 17 சதவீதத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் நெல் மறுபடி நெல்தான். கரிமருந்து அப்படித் திரும்புவதில்லை. எவ்வளவு காய்ந்தாலும் பெயர்ந்த உப்பு பழைய இடத்துக்குப் போகாது.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. இளவயதில், கொள்ளிடக் கரைக் கடலைக் கொல்லையில் பன்றி விரட்டுவதற்காக நாட்டுத் துப்பாக்கியில் வெறும் மருந்து மட்டும் இடித்துச் சுடும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இருந்தது. மழைக்குப் பிறகு மருந்து பிசுபிசுத்திருந்ததைக் கண்டு கேட்டபோது, "மொறத்துல போட்டுக் காயவெச்சா சரியாப் போயிடும்டா" என்றார் பெரியப்பா. காயவைத்தோம், பார்க்க நன்றாகவே இருந்தது. அன்று மாலை நான் துப்பாக்கிக் குதிரையை (சுடும் விசையை) இழுத்தபோது கேப்பு மட்டும் சடக்கென்றது. மருந்து பிடிக்கவில்லை என்று எண்ணித் துப்பாக்கியைத் தாழ்த்தி, பக்கத்தில் நின்ற தம்பியிடம் ஏதோ சொல்லத் திரும்பினேன். ஒரு மூச்சு இழுத்து விடும் நேரத்துக்குப் பின் அது வெடித்தது. தீ நாக்கு வரப்பு மண்ணைப் பறித்துக்கொண்டு தம்பியின் காலுக்கு ஒரு முழம் தள்ளிப் போயிற்று. அன்றிலிருந்து ஈரம் கண்ட கரிமருந்தை நான் காயவைத்ததில்லை, பிறர் காயவைக்க விட்டதும் இல்லை.

கட்டியை உடைத்துத் தூளாக்கிவிடலாம் என்று அம்மியையோ சுத்தியையோ எடுப்பவர்களும் உண்டு. அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை, செய்யக் கூடாது.

தோட்டாவில் பச்சைக் களிம்பு, பித்தளையில் மயிரிழை விரிசல்

அடைத்து வைத்த பழைய தோட்டாக்களில் இரண்டு விதப் பச்சை வரும். வெளியிலிருந்து ஈரக்காற்றால் வருவது மேலோட்டமானது, துணியால் துடைத்தால் பெரும்பாலும் போய்விடும். கேப்பைச் சுற்றியோ, பித்தளை அடி காகித உறையோடு சேரும் மடிப்பிலிருந்தோ பொங்கி வருவது உள்ளே மருந்து சிதைந்து கசிவதன் அடையாளம். காகித உறை பருத்துத் துப்பாக்கியின் அறைக்குள் நுழைய மறுத்தால் ஈரம் உள்ளே போயிருக்கிறது, அழுத்தித் திணிக்காதீர்கள்.

விரிசலுக்கு நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒரு காரணம் உண்டு. பிரிட்டிஷ் இந்தியப் படை மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டாக்கள், யாரும் தொடாமலேயே கழுத்தில் வெடிப்பு விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா, இறுக்கத்தில் இருக்கும் பித்தளையை ஈரத்தில் பிளக்கும் என்பது 1921இல் வெளியான ஆராய்ச்சியால் தெளிவாயிற்று. படுகை வீடுகளில் மாட்டுக் கொட்டகையை ஒட்டிய அறையில்தான் யூரியா மூட்டையும் பண்ணைச் சாமானும் இருக்கும். தோட்டாப் பெட்டியும் அங்கேதான் போய்ச் சேரும். ஆகவே காலிப் பித்தளைகளை மறுபடி பயன்படுத்துவதற்கு முன், அவை எந்த அறையில் கிடந்தன என்று விசாரியுங்கள். கொட்டகைப் பக்கம் கிடந்தவை என்றால் விரிசல் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கழித்துவிடுவதே என் வழக்கம்.

சுடும்போது சத்தம் குறைகிறது, தாமதமாக வெடிக்கிறது, தோளில் அடி கூடுகிறது

சோதிக்காமல் அடைத்த மருந்து சுடும் இடத்தில் தன்னை வெளிப்படுத்திக்கொள்ளும் மூன்று வழிகள் இவை. வழக்கமான வெடியோசைக்குப் பதில் புஸ் என்ற ஒலி மட்டும் கேட்டால், தக்கையோ குண்டோ குழலுக்குள்ளேயே சிக்கி நிற்கலாம். அடுத்த தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் அந்த இடத்தில் பிளக்கும். துப்பாக்கியைத் திறந்து காலியாக்கி, பின்பக்கமிருந்து குழல் வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்கும்வரை அடுத்த சுடல் கிடையாது. கேப்பு மட்டும் தட்டி மருந்து வெடிக்காவிட்டால், முனையைப் பாதுகாப்பான திசையிலேயே வைத்து, தோட்டாத் துப்பாக்கியில் 30 வினாடியாவது, நாட்டுத் துப்பாக்கியில் ஒரு நிமிடத்துக்கும் மேலாவது காத்திருக்க வேண்டும்.

மூன்றாவதுதான் பலருக்கு வியப்பாக இருக்கும். பழைய மருந்து வலுக் குறைந்ததாகவே இருக்கும் என்ற எண்ணம் பொதுவாக உண்டு. ஆனால் புகையில்லா மருந்தில் இருக்கும் ஈரமும் கரைப்பான் மிச்சமும் பல கோடைகளில் உலர்ந்துபோனால், அதே எடை மருந்து முன்பைவிட வேகமாக எரிந்து அழுத்தத்தைக் கூட்டும். வழக்கத்தைவிடத் தோளில் அடி கூடினாலோ, கேப்பு தட்டையாகிப் பிதுங்கினாலோ, காலித் தோட்டா அறையிலிருந்து வர மறுத்தாலோ அன்றைய பயிற்சியை அத்தோடு நிறுத்தி, அதே டப்பாவிலிருந்து அடைத்த எல்லாத் தோட்டாக்களையும் ஒதுக்கி வையுங்கள்.

எந்த அறிகுறியும் இல்லை

இங்கேதான் வரலாறு தீர்ப்புச் சொல்ல வேண்டும். தயாரிப்பாளர் பெயரும் மருந்தின் பெயரும் லாட் எண்ணும் (தயாரிப்புத் தொகுதியின் எண்) தெளிவாக உள்ள, நீங்களே வாங்கி, நீங்களே வைத்திருந்த, மூடி பழுதில்லாத டப்பா என்றால், இன்றைய தயாரிப்பாளர் வெளியிட்டுள்ள அளவு அட்டவணையில் அந்த மருந்து இன்னும் இருக்கிறதா என்று பார்த்து, தொடக்க அளவிலிருந்தே புதிதாகத் தொடங்கலாம். அந்த டப்பா ஓட்டுக்கூரைக்குக் கீழோ தகரக் கொட்டகையிலோ இருந்தது என்றால் எனக்கு அது வேண்டாம். வெப்பம் பத்து டிகிரி ஏறினால் சிதைவின் வேகம் இரு மடங்குக்கும் மேலாகும். அக்கினி நட்சத்திர நாள்களில் பரணில் கைவைக்க முடியாத சூடு எத்தனை கோடை நிலவியிருக்கும் என்று கணக்கிட்டாலே போதும். இதே மாநிலத்தில், நீலகிரியின் குளிரில், அரவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலையில் கிடக்கும் மருந்தின் பத்து ஆண்டும் திருத்துறைப்பூண்டிப் பரணில் கிடக்கும் மருந்தின் பத்து ஆண்டும் ஒன்றாகா. 2018 நவம்பர் 16இல் கஜா புயல் கூரையைப் பிரித்துப் போட்ட வீட்டில் இருந்தது, வெள்ளத்தில் மூழ்கியது, பிறர் கொடுத்தது, யார் வாங்கியது என்று தெரியாதது ஆகிய எதற்கும் பார்வை எவ்வளவு நன்றாக இருந்தாலும் என் பதில் ஒன்றே.

இனி வைக்கப்போகும் புதிய மருந்துக்கு, தரைத்தளத்தில், மேற்குச் சுவரில் ஒட்டாத அறை, பூட்டுள்ள மரப்பெட்டி, டப்பாவின் மேல் வாங்கிய தேதியும் திறந்த தேதியும் போதும். வந்த டப்பாவிலிருந்து வேறு டப்பாவுக்கு மாற்றாதீர்கள். எரிபொருள், உரம், திராவகம் எதுவும் அந்த அறையில் இருக்கலாகாது.

கழித்த மருந்தை என்ன செய்வது

வயலில் கொட்டிக் கொளுத்துவது, கிணற்றில் போடுவது, குப்பைத் தொட்டியில் சேர்ப்பது மூன்றும் வேண்டாம். கரிமருந்து என்றால், அகலமான பிளாஸ்டிக் வாளியில் நிறைய நீர் ஊற்றி, மருந்தைச் சிறிது சிறிதாக அதில் போட்டு ஊறவைத்தால் வெடியுப்பு கரைந்து, அந்த நிலையில் அது எரியாது. ஆனால் அந்தச் சேற்றை மறுபடி காயவிடக் கூடாது. புகையில்லா மருந்து நீரில் கரையாது. நீருக்கடியில் இருக்கும்வரை சூடேறாமல் அடங்கியிருக்கும், எடுத்துக் காயவைத்தால் மறுபடி எரியும். எனவே நெடி மட்டும் அடிக்கும் டப்பாவின் மருந்தை, சூடோ புகையோ பிசுக்கோ இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, நீருள்ள திறந்த வாளிக்கு மாற்றி, வீட்டை விட்டுத் தள்ளி நிழலில் வைத்துவிட்டு, எழுத்து மூலம் காவல் நிலையத்துக்குத் தெரிவியுங்கள்; வெடிபொருள் கட்டுப்பாட்டுத் துறையின் சென்னை அலுவலகத்திலும் வழிகாட்டுதல் கேட்கலாம். மருந்து போன பிறகு காலி டப்பாவை மூன்று முறை கழுவி, மேலே உள்ள பெயரைச் சுரண்டி எடுத்து, அடியில் ஓட்டை போட்டுவிடுங்கள். நல்ல டப்பா என்று யாரும் அதில் வேறு மருந்தை ஊற்றி வைக்காதபடிக்கு.